வரலாறு இல்லாத பள்ளிக்கூடம்

ஜூன் 14

அக்காவுக்கு,

விடுதி முத்திரை இல்லாமல் கடிதம் வருகிறதே என்று பயப்படாதே. இங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கடிதம் எழுதலாம். எழுதியதை வார்டன் மேடம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவார். போன் பேச்சே கிடையாது. அதனால் இதைச் சமையல்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். "தாயில்லாப் பிள்ளை மாதிரி மூஞ்சிய வெச்சிக்காத, குடு" என்று வாங்கி முந்தானையில் செருகிக்கொண்டார். பின்பக்கத்தில் அவர் வீட்டு முகவரி இருக்கிறது. பதிலை அங்கே போடு.

டாக்டர் நுழைவுத் தேர்வுக்காக நீ படித்த அதே இடம்தான். கட்டடத்துக்கு மட்டும் இப்போது பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடிக்கும் சேர்த்து அடித்துவிட்டார்கள், வெளியே பார்த்தால் கவனம் சிதறுமாம். இயற்பியல், வேதியியல், உயிரியல். சாப்பாடு. மறுபடி இயற்பியல், வேதியியல், உயிரியல். முதல் நாள் பாட அட்டவணையைச் சுவரில் ஒட்டியபோது நான் எழுந்து, "மேடம், வரலாறு என்னைக்கு?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. வார்டன் மேடம் சிரிக்கவில்லை. "வரலாறு படைக்கத்தான் இங்க வந்திருக்கீங்க. படிக்க இல்ல" என்றார். அந்த வசனத்தை எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ. உன் காலத்திலும் சொன்னாரா?

பக்கத்துக் கட்டில்காரிக்கு நான் வைத்த பெயர் முட்டைக்கண்ணி. சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுகிறோம். பழைய பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடம் பிடிக்கும், எந்தப் பாடம் பிடிக்காது என்று ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். முட்டைக்கண்ணிக்குத் தையல் வகுப்பு பிடிக்குமாம். "அதெல்லாம் ஒரு பாடமா?" என்று ஒருத்தி கேட்டதற்குக் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டாள். எனக்கு என்ன பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். பிடிக்காதது வேதியியல். அது என்னை நாள் முழுக்கத் துரத்துகிறது.

உனக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை? நீ ஏன் பாதியில் திரும்பி வந்தாய்? வீட்டில் யாரைக் கேட்டாலும் பேச்சை மாற்றுகிறார்கள். அப்பாவைக் கேட்டால் டிவியின் ஒலியைக் கூட்டுகிறார்.

வாயாடி


ஜூன் 27

வாயாடிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எழுத்துகூட ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பேசுகிறது.

அந்த வசனம் என் காலத்திலும் உண்டு. நான் அப்போது கைதட்டினேன்.

எனக்குப் பிடிக்காதது மனப்பாடச் செய்யுள். ஒரு வரி விட்டால் கைமுட்டியில் ஸ்கேல். பிடித்தது இயற்பியல். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை ஒரு வாளியில் பாதித் தண்ணீர் எடுத்து, எங்கள் தலைக்கு மேலே கையை வீசிச் சுற்றுவார். முன் வரிசைக்காரிகள் கத்திக்கொண்டு குனிவோம். ஒரு சொட்டு விழாது. ஏன் விழவில்லை என்று கண்டுபிடிக்க அவர் எங்களுக்கு ஒரு வாரம் விட்டார். விடையைச் சொல்லித் தரவே இல்லை. நான் வீட்டில் சுற்றிப் பார்த்து, அம்மாவின் படுக்கையை நனைத்து, முதுகில் வாங்கியது உனக்கு நினைவிருக்காது. நீ அப்போது சின்னக் குழந்தை.

அங்கே சேர்ந்த பிறகு, "ஏன்னு கேக்காத, விடையைக் குறி" என்றார்கள். முதலில் அதிலும் நான்தான் முதல் வரிசை. பிறகு ஒரு தேர்வில் பின்னுக்குப் போனேன். எழுந்து பையை எடுத்துக்கொண்டு பின் வரிசைக்கு நடக்க வேண்டும், எல்லோரும் பார்ப்பார்கள். பிறகு இன்னும் பின்னால். ஒரு நாள் தேர்வுத் தாளைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. படிக்கவே முடியவில்லை. கண் டாக்டர் கண்ணில் ஒன்றும் இல்லை என்றார். அவ்வளவுதான் என் கதை. இதில் சொல்லாமல் மறைக்க ஒன்றும் இல்லை, ஆனால் கேட்டவர்களும் யாரும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பிடிக்காத பாடம் நம்மை ஒன்றும் செய்வதில்லை. பிடித்த பாடத்தை வைத்துத்தான் என்னை அடித்தார்கள். செய்யுளை இன்றைக்கும் சொல்லச் சொன்னால் சொல்வேன். இயற்பியல் புத்தகத்தைக் கையில் எடுத்தால் திறக்காமலே கீழே வைத்துவிடுகிறேன்.

வீட்டை விட்டு வந்த பிறகு, இங்கே மருத்துவமனைத் துணிகள் வெளுக்கும் சலவைக்கூடத்தில் எனக்கு உருளை இஸ்திரியில் வேலை. ஈரப் போர்வையின் இரண்டு மூலையை நான் பிடிக்க, எதிரில் ஒருத்தி இரண்டு மூலையைப் பிடிக்க, சூட்டுக்குள் செலுத்த வேண்டும். அந்தப் பக்கம் பெரிய டிரம்கள் சுற்றித் துணியிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளும். புதிதாக வந்த பெண் ஒருத்தி, "எப்படிக்கா தண்ணி மட்டும் வெளிய போகுது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும். ஆனாலும் "மெஷின் அப்படி" என்று சொல்லிவிட்டேன்.

பொறுத்துக்கொள் என்று உனக்குச் சொல்ல மனம் இல்லை. வந்துவிடு என்றும் சொல்ல முடியவில்லை. வந்தால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

நான் இப்போது கதவோரம் உட்கார்ந்திருக்கிறேன். கடைசி வரிசை. காற்றாவது வருகிறது என்று சொல்லிச் சிரித்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு வரலாற்று வகுப்பு நடத்தினேன் தெரியுமா? சாப்பாட்டு மேசையில். பஞ்ச காலத்தில் வரியைக் கூட்டிவிட்டு, மக்கள் ஏன் கோபப்படுகிறார்கள் என்று மந்திரியைக் கேட்ட ராஜா கதையைச் சொன்னேன். பாதி புத்தகத்தில் படித்தது, பாதி என் சொந்தச் சரக்கு. தட்டைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் என் மேசைக்கு வர ஆரம்பித்தார்கள். "அப்புறம் ராணி என்ன பண்ணா?" என்று முட்டைக்கண்ணி வாயில் சாப்பாட்டோடு கேட்பாள். சமையல்கார அம்மாகூடக் கரண்டியோடு நின்று கேட்டார். "எங்க வீட்டு ராஜாவும் இப்படித்தான்" என்றார்.

வார்டன் மேடம் பின்னால் வந்து நின்றதை நான்தான் கவனிக்கவில்லை. இப்போது நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு தனியாகச் சாப்பிட வேண்டும். என்னோடு பேசினால் அவர்களுக்கும் அதே சுவர். அதனால் யாரும் பேசுவதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. அடி வாங்கினவள் பக்கத்தில் நின்றால் தனக்கும் விழும் என்று பயப்படுவது மனித சுபாவம்தானே.

அக்கா, சிரித்துக்கொண்டே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. பல் துலக்கும்போது வாய் தானாகச் சூத்திரம் சொல்கிறது, நிறுத்தினாலும் நிற்கவில்லை. முட்டைக்கண்ணி யாரிடமும் பேசுவதைச் சுத்தமாக நிறுத்திவிட்டாள். அவள் அப்பா வந்தார். அவள் அவருடைய சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கடிதம் எழுதினேன். வார்டன் மேடம் அதை என் மேசையில் வைத்து, "அப்பா மனசு சந்தோஷப்படுற மாதிரி இன்னொன்னு எழுது" என்றார். எழுதினேன்.

நீ போய் அப்பாவிடம் சொல்லேன். நீ சொன்னால் கேட்க மாட்டார் என்று தெரியும். ஆனாலும் சொல். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

வாயாடி


ஆகஸ்ட் 30

வாயாடிக்கு,

போனேன்.

வீட்டுக்குப் போனால் அம்மா நடுவில் மாட்டிக்கொள்வாள் என்று, அப்பா வேலை செய்யும் இடத்துக்கே போனேன். கண்ணாடி வைத்த அலுவலகக் கட்டடம். லிஃப்ட் பழுது என்று பலகை வைத்திருந்தார்கள். படியில் ஏறினேன். மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து, பாதி இறங்கி நின்ற பெட்டியின் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் தலை என் முழங்கால் உயரத்துக்குத் தெரிந்தது. உச்சியில் முடி போய்விட்டது வாயாடி. நான் பார்த்ததே இல்லை.

"யாரு?"

"நான்தான்பா."

ஸ்பேனர் நின்றது. மறுபடி திருகியது. "கிட்ட வராத. எண்ணெய்."

"அவ அங்க நல்லா இல்லப்பா."

"காய்ச்சலா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"அவளுக்கு அந்தப் பாடம் எதுவும் பிடிக்கலப்பா. வரலாறுதான் பிடிக்குது."

"எனக்கும் இந்த எண்ணெய் நாத்தம் பிடிக்கல. யாராவது கேட்டாங்களா?" அவர் குரலில் கோபம்கூட இல்லை. "வரலாறு படிச்சு என்ன ஆவா?"

"டீச்சர் ஆவா. என்னமோ ஆவா. நல்லா இருப்பா."

"உனக்கு இயற்பியல் பிடிச்சுது. நீ என்ன ஆன?"

அப்பா துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கட்டடத்துல நான் ஏறாத மாடி கிடையாது. எந்த மாடியிலயாவது ஒருத்தன், உள்ள வாய்யா, உக்காருன்னு சொல்லியிருக்கானா? அவ டாக்டரா நுழைஞ்சா எழுந்து நிப்பானுங்க. நான் பாத்துட்டுச் சாவேன்."

"அவ அதுக்கு முன்னாடி உடைஞ்சிடுவாப்பா. என்னை மாதிரி."

"உன்னை இறங்க விட்டதுதான் நான் பண்ண தப்பு. இன்னொரு தடவை பண்ண மாட்டேன்."

பெட்டியின் மேலிருந்த பொத்தானை அழுத்தினார். அப்பா மேலே போய்விட்டார். கம்பி வடம் மட்டும் என் எதிரில் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு மணி நேரமாவது நின்றிருப்பேன். அவர் வேறு வழியாகப் போய்விட்டார் என்று காவலாளி சொன்னான்.

என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

அக்கா


செப்டம்பர் 8

அக்கா,

என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறாய். நின்றாய், கேட்டாய், திரும்பிவிட்டாய். கத்தியிருக்கலாமே? அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து பார்க்கும்படி கத்தியிருக்கலாமே?

உன்னை இறங்க விட்டதாக அப்பா சொன்னார் என்கிறாய். யாரை நம்பி இறங்க விட்டார்? பின்னால் நான் ஒருத்தி இருக்கிறேன் என்ற தைரியத்தில்தானே. உன் கண்ணில் எறும்பு ஊர்ந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. அன்றைக்கே என் பெயரை எழுதிவிட்டார்கள். நீ தப்பித்தாய். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

எனக்கு உன் மேல் கோபம் இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். இருக்கிறது.

நான் இங்கிருந்து வருகிறேன். காய்கறி வண்டி வரும்போது பின்பக்கக் கேட் திறக்கும். சமையல்கார அம்மாவிடம் பேசிவிட்டேன். "எனக்கும் ஒரு பொண்ணு இருந்தா" என்று மட்டும் சொன்னார். இருந்தாள் என்கிறாரா, இருந்திருந்தால் என்கிறாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ வேண்டாம் என்றாலும் வருவேன். வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

வாயாடி


செப்டம்பர் 15

வா.

திட்டினது எல்லாம் சரிதான். அதை நேரில் வந்து முழுதாகத் திட்டு.

என் அறை சின்னது. சன்னல் பக்கம் உனக்கு. எதிரே பேருந்துப் பணிமனை, இரைச்சல் இருக்கும். உன் வாய்க்கு முன்னால் அது தோற்றுவிடும். உனக்கொரு மெத்தை வாங்கிப் போட்டுவிட்டேன். என்னோடு போர்வை பிடிக்கிறவளிடம் என் தங்கச்சி வருகிறாள் என்று சொன்னேன். "எந்நேரமும் உம்முன்னு இருப்பியே, உனக்கு ஒரு தங்கச்சியா?" என்றாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு சாதாரணப் பள்ளிக்கூடம் இருக்கிறது. வேலை முடிந்து சோப்பு வாசனையோடு போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். வரலாறு, புவியியல், பொருளியல் சேர்ந்த பிரிவு ஒன்று இருக்கிறது. உன் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சொன்னதும், "இவ்வளவு மார்க் வெச்சிக்கிட்டு ஏம்மா இந்தப் பிரிவு?" என்றார். "அவளுக்குப் பிடிக்கும் மேடம்" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வேற எதுவும் கிடைக்காதவங்கதான் இதுக்கு வருவாங்க. பிடிக்கும்னு யாரும் வந்ததில்ல. கூட்டிட்டு வாங்க" என்றார். மாற்றுச் சான்றிதழுக்கு அப்பா கையெழுத்து வேண்டுமாம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய புத்தகக் கடையில் உனக்கு வரலாற்றுப் புத்தகம் வாங்கினேன். யாரோ ஒரு ராஜாவுக்கு மீசையும் சைக்கிளும் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

வருகிற சனிக்கிழமை பேருந்து நிலையத்தில், பழக்கடைக்கு எதிரில் நிற்பேன். காலையிலிருந்து நிற்பேன். வந்துவிடு.

அக்கா


அக்டோபர் 6

அன்புள்ள தங்கைக்கு,

சமையல்கார அம்மா இப்போது அங்கே இல்லை என்பதால் இதை விடுதி முகவரிக்கே அனுப்புகிறேன். உனக்கு முன்னால் வார்டன் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். இதில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

பேருந்து நிலையத்தில் நின்றேன். ஒவ்வொரு பேருந்திலிருந்தும் பை மாட்டிய பெண் பிள்ளை இறங்கினால் நீதான் என்று நினைத்தேன். பழக்கடைக்காரர் கடையை மூடும்போது, "வரவேண்டியவங்க வரலியாம்மா?" என்றார். அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா அழுதுகொண்டே சொன்னாள். பின்பக்கக் கேட்டிலேயே பிடித்துவிட்டார்களாம். உன் கையும் சமையல்கார அம்மா கையும் கோத்தபடி இருந்ததாம். பிரிக்க நேரம் ஆனதாம். அவரை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்களாம். அப்பா வந்து, தன்னைத் தவிர வேறு யாரும் உன்னைப் பார்க்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். அம்மாவும் கூடாதாம்.

சமையல்கார அம்மா வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்தார். "நான் பண்ணது தப்புன்னு நினைக்கல. அந்தப் புள்ள கையை விட்டதுதான் மனசுல நிக்குது. ஆனா இனிமே இங்க வராதம்மா. வீட்ல பெரிய சண்டை" என்றார். நான் கொண்டுபோன பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு உன் விடுதி கேட்டுக்கும் வந்தேன். காவலாளி விடவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னார். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சேர்ந்து ஏதோ சூத்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கூட்டத்தில் உன் குரலைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். உன் குரல் தனியாகக் கேட்குமே எப்போதும். கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

சாப்பிடு. அது ஒன்றையாவது செய்.

அக்கா


டிசம்பர் 2

அன்புள்ள தங்கைக்கு,

இதற்கு முன் போட்ட எந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லை. கிடைத்ததா என்றும் தெரியவில்லை. மறுபடியும் அப்பாவைத் தேடிப் போனேன். இந்த முறை கத்தினேன். நீ சொன்ன மாதிரியே, கட்டடத்தில் இருந்தவர்கள் வெளியே வந்து பார்க்கும்படி. அப்பா தலையைக் குனிந்துகொண்டு கருவிகளைப் பெட்டியில் எடுத்து வைத்தார். "எல்லாரும் பாக்குறாங்கம்மா" என்றார். அம்மா என்று என்னைக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆகிறது. அதோடு என் சத்தம் நின்றுவிட்டது. அவர் போய்விட்டார். அந்தக் கட்டடத்து வேலையிலிருந்து அவரை மாற்றிவிட்டார்களாம். எங்கே என்று அம்மா சொல்ல மறுக்கிறாள்.

தலைமை ஆசிரியை உன்னைப் பற்றிக் கேட்டார். அடுத்த வருடம் அந்தப் பிரிவை எடுத்துவிடப் போகிறார்களாம். ஆள் சேரவில்லையாம்.

கோபமாகவாவது ஒரு வரி எழுது.

அக்கா


ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதங்கள் கிடைத்தன. படிப்பு இருந்ததால் பதில் எழுத முடியவில்லை.

நான் இப்போது முதல் வரிசையில் இருக்கிறேன். வேதியியலில் நல்ல முன்னேற்றம் என்று ஆசிரியர் சொன்னார். வேதியியல் கடினமான பாடம் இல்லை. பயிற்சிதான் முக்கியம். அப்பா போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். வார்டன் மேடம் தன் அறைக்குள் அழைத்து உட்கார வைத்து, என் மதிப்பெண்களைக் காட்டினார். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அழுதார். சந்தோஷத்தில் அழுதார்.

பக்கத்துக் கட்டிலுக்குப் புதுப் பெண் வந்திருக்கிறாள். முன்பு இருந்தவளைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

தனியாகச் சாப்பிடும் தண்டனை முடிந்துவிட்டது. ஆனால் நான் சுவர்ப் பக்கமே சாப்பிடுகிறேன். அங்கே நின்றால் சீக்கிரம் முடிகிறது. முடி உதிர்வது பற்றி இனிக் கவலை வேண்டாம், எல்லோருக்கும் ஒட்ட வெட்டிவிட்டார்கள். வாருகிற நேரமும் மிச்சம்.

போன வாரம் ஒரு பிள்ளை வந்து, அந்த ராஜா கதையில் ராணி கடைசியில் என்ன செய்தாள் என்று கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். எந்த ராஜா என்றே நினைவு வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில், பத்தாம் வகுப்பில் வரலாற்றில் என்னென்ன படித்தேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பயந்துபோய் வார்டன் மேடத்திடம் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். அது நல்லதுதானாம். இடம் காலியாகிறதாம்.

நீ எழுதினால் பதில் எழுத வேண்டியிருக்கிறது. தேர்வு வரைக்கும் எழுத வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கை